48 மணி நேரமும் ஒரு சேலம் பஸ்ஸும்

காலை ஐந்தரைக்குப் புறப்படும் விமானத்துக்குத் துணை விமானி நாலரைக்கே ரிப்போர்ட் செய்ய வேண்டும். பெங்களூரு நகருக்குள் வாடகைக்கு இருப்பவர் என்றால், தேவனஹள்ளிக்குப் போகும் காருக்காக மூன்று மணிக்கே வாசலில் நிற்க வேண்டும். அலாரம் இரண்டேகாலுக்கு. முந்தின நாள் மாலை ஏழு மணிக்குப் படுத்தால் ஏழு மணி நேரத் தூக்கம் என்று தாளில் கணக்கு வரும். உடம்பு அந்தக் கணக்குக்கு வராது. பக்கத்து வீட்டில் டிவி ஓடும், தெருவில் வண்டிகள் போகும், மூளை இன்னும் பகலில்தான் இருக்கும். பதினொரு மணிக்குக் கண்ணயர்ந்தவர் மூன்று மணி நேரத் தூக்கத்தோடு விமானி அறையில் போய் உட்காருகிறார். ரோஸ்டர் எனும் பணிப் பட்டியலின்படி அவர் போதிய ஓய்வு எடுத்தவர்.

அதிகாலை இரண்டு முதல் ஆறு வரை மனித உடலின் விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும் நேரம் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த நேரத்துப் பணிகள் யார் பங்குக்கு அதிகம் வருகின்றன, அவற்றை மறுக்க யாருக்குத் தயக்கம் அதிகம் என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் விடை ஒன்றே: பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன துணை விமானி.

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் போன்ற பகுதிகளில், பிள்ளையை விமானியாக்க நினைக்கும் பெற்றோருக்கு அந்த வேலை முன்புபோல எட்டாத தூரத்தில் இல்லை. சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் சென்னைக்கு ட்ரூஜெட் பறந்தது. இடையில் நின்றுபோன சேவை 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ வழியாகத் திரும்பியது. விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்காக விமான நிலைய ஆணையம் 2022இல் இடம் ஒதுக்கிய ஐந்து நிலையங்களில் சேலமும் ஒன்று. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதற்கு மேல் குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சி. எல்லாம் சேர்ந்து ஒரு கோடி ரூபாயைத் தொடும் பாதைகளும் உண்டு. வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் பெற்றோர் கட்டணம், வேலை, சம்பளம் மூன்றையும் கேட்பார்கள். மாதத்தில் எத்தனை இரவு பிள்ளை ஒழுங்காகத் தூங்குவான் என்று கேட்கத் தோன்றாது. அதைக் கேட்க வேண்டியவர்கள் இந்தத் துறையில் இருக்கும் நாம்தான்.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் அறிவித்த பணி நேர விதிகள் அந்தக் கேள்வியின் ஒரு பாதிக்கு நல்ல பதிலைத் தந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை என்றிருந்ததை ஆறு வரை நீட்டினார்கள். இரவுப் பணியில் ஆறு வரை இருந்த தரையிறக்கம் இரண்டாகக் குறைந்தது. தொடர்ச்சியாக இரண்டு இரவுகளுக்கு மேல் கூடாது என்றார்கள். விமான நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டும் சோர்வு அறிக்கை தர வேண்டும் என்றும் சேர்த்தார்கள். 2024 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய இந்த விதிகள் தள்ளிப்போயின. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்காடிய பிறகே 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன.

பிறகு டிசம்பர். நாட்டின் மிகப்பெரிய விமான நிறுவனமான இண்டிகோவின் அட்டவணை சரிந்தது. டிசம்பர் 3 முதல் 5 வரை மட்டும் 2,507 விமானங்கள் ரத்து. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் தவித்தார்கள். இரண்டாம் கட்ட விதிகளுக்குத் திட்டமிட்டதில் தவறு நேர்ந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரவுப் பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை அதற்கு விலக்கு கிடைத்தது. வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்கில் காட்டக் கூடாது என்ற உத்தரவை இயக்குநரகம் எல்லா நிறுவனங்களுக்கும் திரும்பப் பெற்றது. ஜனவரியில் இண்டிகோவுக்கு 22.20 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அபராதத் தொகையைப் பற்றிப் பேசியவர்கள் பலர். திரும்பப் பெறப்பட்ட அந்த ஒற்றை வரியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. தங்கை கல்யாணத்துக்குக் கேட்டு வாங்கிய விடுப்பையே அந்த வாரத்து ஓய்வாகவும் எழுதிக்கொள்ள முடியுமானால், பந்தலில் ஓடியாடிய இரண்டு நாளும் தாளில் தூக்கமாகிவிடும். விமானத்துக்காகக் காத்திருந்த பயணிகளின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்கு விலையாக ஒரு பாதுகாப்பு விதியைக் கொடுத்தது சரியான முடிவு இல்லை என்பது இந்த இதழின் உறுதியான கருத்து. ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பே அறிவித்த விதிக்கு ஆள் எடுக்காமல் இருந்தது விமானிகளின் குற்றம் அல்ல.

இனி அந்த 48 மணி நேரத்தைச் சேலத்துப் பிள்ளை ஒருவரின் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். பேஸ், அதாவது பணித்தளம், பெங்களூரு. வெள்ளி இரவு பத்து மணிக்குப் பணி முடிகிறது. பழைய 36 மணி விதியில் ஞாயிறு காலை பத்து மணிக்கு மறுபடி பணிக்கு அழைக்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக நள்ளிரவு பஸ் பிடித்தால் விடியலில் சேலம் வந்து சேர்ந்து, சனிக்கிழமை மாலையே திரும்பியாக வேண்டும். 48 மணி விதியில் ஞாயிறு மதியச் சாப்பாடு வீட்டில் கிடைக்கும். ஒரு வேளைச் சாப்பாடு சிறிய விஷயமாகத் தெரியலாம். பேஸில் தனியாக வாழும் இருபத்து நான்கு வயதுக்காரருக்கு அது சிறிய விஷயமே அல்ல.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. விதி கேட்பது இரண்டு இரவுகள். அவற்றில் ஒன்று ஓசூர் சாலையில் பஸ் இருக்கையில் கழிந்துவிட்டது. ஞாயிறு இரவுப் பணிக்கு முன் பகலில் தூங்க வேண்டியவர் அந்த நேரத்தில் திரும்பும் பஸ்ஸில் இருக்கிறார். வீட்டுக்குப் போகாதே என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தபோது இதே ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. துணை விமானிக்கு வயது 24. பேஸ் நியூவர்க், வீடு நாட்டின் மறுகோடியில் சியாட்டில் பக்கம். இரவெல்லாம் மெம்ஃபிஸ் வழியாகப் பயணம் செய்து வந்து, பகலில் பணியாளர் அறையில் படுத்து எழுந்து வேலைக்குப் போனவர் அவர். பேஸ் அருகே வாடகை கொடுத்துத் தங்குவது எளிதாக இல்லாத அளவுக்குச் சம்பளம் குறைவு என்பதும் விசாரணையில் பேசப்பட்டது. அந்த விபத்தின் விளைவாக வந்த அமெரிக்கப் பணி நேர விதிகள் 2014 ஜனவரியில் அமலாயின. துணை விமானியின் வாடகையும் வீட்டுத் தூரமும் விமானப் பாதுகாப்பின் பகுதிகள் என்பதை அங்கே ஐம்பது உயிர் கொடுத்துக் கற்றார்கள்.

நம் ஊரில் இளம் விமானியைத் தினமும் அரிப்பது ரோஸ்டர் மாற்றம். மாதத் தொடக்கத்தில் வரும் ரோஸ்டரை நம்பிப் பஸ் டிக்கெட் போட முடிவதில்லை. ஸ்டாண்ட்பை என்றிருந்தது பணியாகிறது, காலைப் பணி மாலைக்குப் போகிறது, ஒருநாள் பயணம் வெளியூரில் இரவு தங்கலாக நீள்கிறது. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே விதிக்கு உட்பட்டதாக இருக்கலாம். நான்கைந்து சேர்ந்தால், எப்போது தூங்கப்போகிறோம் என்பதே தெரியாத வாழ்க்கை ஆகிவிடுகிறது. மூத்த கேப்டனுக்கு ரோஸ்டர் மேசையில் ஒரு சொல் சொல்லும் செல்வாக்கு இருக்கும். துணை விமானிக்கு இருப்பது கடன் தவணை. கேப்டனாக உயர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கிறது. வேலையை விடவும் முடியாது. 2017 முதல் துணை விமானிக்கு ஆறு மாத முன்னறிவிப்பு கட்டாயம்.

2024 ஏப்ரலில் விஸ்தாராவில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஏர் இந்தியாவுடன் இணைவதை ஒட்டி வந்த புதிய ஒப்பந்தத்தில், உறுதியான ஊதியத்துக்கான பறக்கும் மணிகள் 70இலிருந்து 40 ஆகக் குறைந்தன. அதிகம் அடிபட்டவர்கள் துணை விமானிகள். பலர் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுக்க, விமானங்கள் வரிசையாக ரத்தாகி, நிறுவனம் தினசரிச் சேவைகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டிவந்தது. பறந்தால்தான் பணம் என்று ஆகும்போது, களைப்பாக இருக்கிறது என்று சொல்வதற்கே ஒரு விலை வந்துவிடுகிறது.

அந்த வாய்மூடலின் விலையை நாம் அறிவோம். 2010 மே 22 அன்று மங்களூருவில் 158 பேர் இறந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விபத்தில், கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கி எழுந்து தரையிறக்கியதை விசாரணைக் குழு பதிவு செய்தது. மேலே எழும்பிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். கட்டுப்பாட்டை அவர் கையில் எடுக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் 21 பேர் இறந்த விபத்தின் அறிக்கை இன்னும் நேராக ரோஸ்டரைத் தொட்டது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்தே ஒரு விமானத்தை ஓட்ட வேண்டும் என்ற நினைப்பு, எப்படியாவது அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்று கேப்டனை உந்தியதாகவும், அந்த பேஸில் போதிய கேப்டன்கள் இல்லாதது நிறுவனத்தின் தவறான மனிதவளக் கொள்கையின் விளைவு என்றும் அது எழுதியது. கேப்டனுக்கும் துணை விமானிக்கும் இடையே இருந்த அதிகார இடைவெளியையும் சுட்டியது. மழை, ஈரமான ஓடுபாதை, காற்று எல்லாவற்றோடும் ரோஸ்டரும் சேர்ந்து அன்று இறங்கியது.

லட்சத்தில் சம்பளம் வாங்குபவர்களுக்கு ஏன் இவ்வளவு பரிவு என்று கேட்பவர்கள் உண்டு. நாமக்கல்லிலிருந்து லாரி எடுத்து நாடு முழுதும் இரவுபகலாக ஓட்டுபவர்களின் ஊரில் இந்தக் கேள்வி நியாயமாகவே எழும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் சொன்னது. அது சாலையில் எந்த அளவுக்கு நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2024 ஜூனில் சேலம் கோட்டத்தை உள்ளடக்கிய தெற்கு ரயில்வேயில் லோகோ பைலட்டுகள் போராடியபோது கேட்டது வாரத்துக்கு 46 மணி ஓய்வும், தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் பணி வேண்டாம் என்பதும்தான். விமானிகளுக்குக் கிடைத்திருக்கும் விதியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இரண்டே மணி நேரம். ஸ்டீயரிங், த்ராட்டில், கன்ட்ரோல் வீல் எதைப் பிடித்தாலும் அதிகாலை மூன்று மணிக்கு மூளை ஒன்றுதான். விமானிகள் பெற்றது லாரிக்காரர்களுக்கும் ரயில்காரர்களுக்கும் போய்ச் சேர வேண்டுமே தவிர, அவர்களுக்கு இல்லை என்பதால் இங்கும் குறைய வேண்டியதில்லை.

ஆண்டுக்கு 1,000 மணிதானே பறக்கிறார்கள் என்ற கணக்கும் அடிக்கடி வருகிறது. கதவு மூடி நகர்வது முதல் நிற்பது வரையிலான நேரம் அது. ரிப்போர்ட் செய்வது, விமானங்களுக்கு இடையே காத்திருப்பது, ஸ்டாண்ட்பை, சிமுலேட்டர், பயணியாக உட்கார்ந்து வேறு ஊருக்குப் போய்ப் பணி ஏற்பது எதுவும் அதில் சேராது.

காலாண்டுச் சோர்வு அறிக்கையில் என்ன இடம்பெற வேண்டும் என்பதைத் துறையினர் இப்போதே தீர்மானித்துக் கேட்க வேண்டும். மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. சோர்வைப் பதிவு செய்தவர்களில் துணை விமானிகள் எத்தனை பேர், அவர்களின் பதிவுகளில் எத்தனை ஏற்கப்பட்டன, ஏற்காததற்குக் காரணம் என்ன, வெளியிட்ட பிறகு ஒருவரின் ரோஸ்டர் மாதத்தில் எத்தனை முறை மாறியது என்பவையும் வர வேண்டும். அந்தச் சோர்வுப் பதிவுகளைப் படிப்பவர், ரோஸ்டர் போடும் மேசையில் உட்காருபவராக இருக்கக் கூடாது. சொந்த ஊருக்குப் பக்கத்து பேஸ் கேட்டுக் காத்திருப்போரின் வரிசை எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

கேப்டன்களிடம் கேட்பது இதைவிட எளிது, உடனே செய்யக்கூடியது. விமானத்துக்குப் போகும் முன் வானிலையும் எரிபொருளும் பேசும் அதே பேச்சில், முதல் வாக்கியமாக, நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று அவர் தன்னைப் பற்றிச் சொல்லட்டும். மூத்தவர் சொன்ன பிறகு இளையவரும் சொல்வார்.