சென்னை புல்ஸ் அடுத்த சீசன்: கல்வராயன் மலைப் பையனுக்கு இந்த டீம்ல இடம் இருக்கா?

2025 ஜூன் 29, மும்பை அந்தேரி ஸ்டேடியம். ரக்பி பிரீமியர் லீக் முதல் சீசனின் ஃபைனல். டெல்லி ரெட்ஸ் அணியை 41-0 என்று சுருட்டி, கோப்பையைத் தூக்கியது சென்னை புல்ஸ்.

ஐ.பி.எல்.லில் சென்னை ஜெயித்தால் ஊரே தூங்காது. இந்தக் கோப்பை வந்தது தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. இப்போது நடப்பு சாம்பியன் என்ற பட்டத்தோடு அடுத்த சீசனுக்குப் போகிறது இந்த அணி. பட்டத்தைத் தக்கவைக்குமா என்பது ஒரு கேள்வி. பெயரில் சென்னையை வைத்திருக்கும் அணிக்கும், சென்னையிலிருந்து சுமார் 240 கி.மீ. தள்ளியிருக்கும் கள்ளக்குறிச்சி மாதிரி ஒரு மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் விடை கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

முதல்ல, ஆர்.பி.எல்.னா என்ன?

ரக்பி இந்தியா அமைப்பும் ஜி.எம்.ஆர். ஸ்போர்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய ஃபிரான்சைஸ் லீக். சென்னை, டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், கலிங்கா என 6 அணிகள். முதல் சீசன் 2025 ஜூன் 15 முதல் 29 வரை நடந்தது. மொத்தம் 34 மேட்ச், எல்லாமே மும்பையில்.

இது ஒரு பக்கத்துக்கு 7 பேர் ஆடும் 'செவன்ஸ்' வகை. 2016 ரியோவிலிருந்து ஒலிம்பிக்கில் இருப்பதும் இதுதான். வழக்கமான செவன்ஸில் பாதிக்கு 7 நிமிடம். ஆர்.பி.எல்.லில் 4 நிமிடம் வீதம் 4 குவார்ட்டர். மொத்தம் 16 நிமிடத்தில் மேட்ச் முடிந்துவிடும். ஒரு டீ குடித்து, நாலு ரீல்ஸ் பார்க்கும் நேரம்தான்.

ரூல்ஸும் சிம்பிள். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் கையால் முன்பக்கம் பாஸ் செய்யக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் தர வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 'ட்ரை', 5 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் கூடுதலாக 2.

'ரக்பி லீக்' வேற, இது வேறயா?

ஆமாம், இங்கேதான் பலர் குழம்புவார்கள். ஆர்.பி.எல். ஒரு லீக். ஆனால் 'ரக்பி லீக்' என்பது 13 பேர் ஆடும் தனி விளையாட்டு. ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல்., இங்கிலாந்தின் சூப்பர் லீக் எல்லாம் அந்த ரகம். 15 பேர் ஆடும் 'ரக்பி யூனியன்' இன்னொரு ரகம். செவன்ஸ் அந்த யூனியனின் தம்பி.

இரண்டும் ஏன் பிரிந்தன என்ற கதை முக்கியம். 1890-களில் வடக்கு இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் நிறைய பேர் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை மேட்ச் ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. "அந்தக் கூலியை மட்டுமாவது கொடுங்க" என்று வடக்கு கிளப்கள் கேட்டன. காசுக்காக ஆடுவது கௌரவக் குறைச்சல் என்று தலைமைச் சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய 20-க்கும் மேற்பட்ட கிளப்கள் தனியே பிரிந்து போயின. அதுதான் பிற்பாடு ரக்பி லீக் ஆனது. யூனியன் தரப்பு ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வெளிப்படையாகச் சம்மதித்தது 1995-ல்தான். சரியாக 100 வருடம் கழித்து!

ஒருநாள் கூலியை இழந்து விளையாட யாரால் முடியும்? ஒரு விளையாட்டையே இரண்டாக உடைத்த இந்தக் கேள்வி கள்ளக்குறிச்சிக்கும் பொருந்தும். அதற்கு முன் சென்னை அணியின் கணக்கைப் பார்த்துவிடலாம்.

அடுத்த சீசனில் சென்னை புல்ஸுக்கு என்ன சவால்?

முதல் சீசனில் அணியின் பயிற்சியாளர் பென் காலிங்ஸ். இங்கிலாந்தின் செவன்ஸ் ஜாம்பவான், 2022-ல் ஃபிஜி அணிக்கு செவன்ஸ் உலகக் கோப்பையை வாங்கித் தந்த கோச். மூளை பலமாக இருந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால் கணக்கு கடினம். 6 அணிகளும் ஒருவரை ஒருவர் இரண்டு முறை சந்தித்தால், ஒரு அணிக்கு லீக் சுற்றில் மட்டும் 10 மேட்ச். அரையிறுதி, ஃபைனல் சேர்த்தால் 12. இத்தனையும் 15 நாளில். செவன்ஸில் நின்று மூச்சு வாங்க நேரமே இருக்காது. கால்பந்து மைதானம் அளவுள்ள இடத்தை 7 பேர் காக்க வேண்டும்.

அணியில் மொத்தம் 13 பேர். அதில் 5 பேர் சர்வதேச நட்சத்திரங்கள், 3 பேர் கனடா, ஹாங்காங், ஜெர்மனி மாதிரியான நாடுகளிலிருந்து வரும் 'பிரிட்ஜ்' வீரர்கள். மீதி 5 பேர் இந்தியர்கள்.

15 நாள் முழுக்க 8 வெளிநாட்டு வீரர்களை மட்டும் ஓட வைத்தால் இரண்டாவது வாரத்தில் கால் நிற்காது. 6 அணிகளுமே நட்சத்திரங்களை வாங்கிவிடும். வித்தியாசம் காட்டப்போவது அந்த 5 இந்தியர்கள்தான். எந்த அணியின் இந்திய வீரர்கள் கடைசி குவார்ட்டரிலும் டேக்கிள் தவறவிடாமல் இருக்கிறார்களோ, அந்த அணி அரையிறுதிக்குப் போகும் வாய்ப்பு அதிகம். ஆக, இந்திய வீரர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது சென்னை அணியின் சொந்த நலன் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

கல்வராயன் மலை எங்கே வருது?

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து பிறந்தது கள்ளக்குறிச்சி மாவட்டம். கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம் விளையும் சமவெளி ஒரு பக்கம். கச்சிராயபாளையம், கோமுகி அணையைத் தாண்டி மேலே ஏறினால் வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை தாலுகா. அங்கே பெரும்பான்மை மலையாளிப் பழங்குடி மக்கள்.

இந்த மலையின் பெயர் செய்தியில் அடிபடுவது பெரும்பாலும் சாராய ரெய்டு நடக்கும்போதுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடு, பஸ், மருத்துவம், பள்ளி என்று அடிப்படை விஷயங்களே அங்கே பேசுபொருளாயின. அப்படிப்பட்ட இடத்தில் ரக்பி பற்றிப் பேசுவது வேடிக்கையாகத் தோணலாம்.

ஆனால் இதே மாதிரி இடங்களிலிருந்துதான் இந்திய ரக்பி வளர்ந்திருக்கிறது.

ஒடிசாவும் வங்காளமும் என்ன செய்தன?

ஒடிசாவின் புவனேஸ்வரில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான இலவச உண்டு உறைவிடக் கல்வி நிறுவனம் 'கலிங்கா இன்ஸ்டிட்யூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ்'. அங்கே படித்த சிறுவர்கள் 2007-ல் லண்டன் போய், 14 வயதுக்குட்பட்டோருக்கான சர்வதேச ரக்பி போட்டியில் தென்னாப்பிரிக்க அணியை ஃபைனலில் வீழ்த்திக் கோப்பை வாங்கினார்கள்.

அதே நிறுவனத்தில் வளர்ந்தவர் சுமித்ரா நாயக். 2019 ஜூனில் இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21-19 என்று வென்று, 15 பேர் ஆட்டத்தில் தன் முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றது. கடைசி நேரத்தில் வெற்றிக்கான பெனால்டியை உதைத்தவர் அவர்தான். மேற்கு வங்கத்தில் சிலிகுரி பக்கம் சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டம். அங்கே 'ஜங்கிள் குரோஸ்' என்ற கொல்கத்தா அமைப்பு சொல்லிக் கொடுத்து, தோட்டத் தொழிலாளர்களின் மகள்கள் இந்திய ஜெர்சி வரை வந்தார்கள்.

இரண்டு இடத்திலும் பொதுவாக இருந்தவை: பிள்ளைகள் ஒரே இடத்தில் தங்கும் அல்லது கூடும் வசதி, வருடக்கணக்கில் கூடவே இருந்த கோச், தினமும் விளையாட ஒரு மைதானம். பெரிய ஸ்டேடியம் லிஸ்ட்டிலேயே இல்லை.

கல்வராயன் மலையிலும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. ஆக, முதல் வசதி கையிலேயே இருக்கிறது. கபடி தெரியாத கிராமமும் இங்கே கிடையாது. கபடியிலும் செவன்ஸிலும் களத்தில் 7 பேர்தான். ஓடி வருபவரின் தொடையையோ இடுப்பையோ கட்டிப் பிடித்து நிறுத்தும் தைரியம் இரண்டுக்கும் பொது. ஓட்டம் மட்டும் இருந்தால்கூட ரக்பி கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு உதாரணம் அமெரிக்காவின் கார்லின் ஐல்ஸ். தடகள ஓட்டக்காரராக இருந்து 2012-ல் ரக்பிக்கு மாறி, உலகின் வேகமான ரக்பி வீரர் என்று பெயரெடுத்தவர்.

அப்போ தடுப்பது எது?

மறுபடியும் 1895-க்குத்தான் போக வேண்டும். 100 நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். 15 நாள் பயிற்சி முகாமுக்கு ஒரு 19 வயதுப் பையன் போனால், இந்தக் கணக்கிலேயே வீட்டுக்கு 5,040 ரூபாய் நஷ்டம். எஸ்டேட் வேலைக்கோ கட்டட வேலைக்கோ வெளியூர் போகிறவன் என்றால் நஷ்டம் இன்னும் கூடும். பஸ் செலவு, ஷூ, சாப்பாடு தனி. "போய்ட்டு வாடா" என்று சொல்ல அவன் அம்மாவுக்கு ஆசை இருந்தாலும் வாய் வராது.

அடுத்த பயம் காயம். ரக்பியில் தலையில் அடிபடும் வாய்ப்பு உண்டு. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரரை உடனே வெளியே எடுக்க வேண்டும் என்பது உலக ரக்பி அமைப்பின் விதி. அதற்குப் பயிற்சி பெற்ற கோச் பக்கத்தில் இருக்கணும். கள்ளக்குறிச்சிக்கு 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் மலைக் கிராமத்திலிருந்து அங்கே வர மலைப்பாதை இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு டேக்கிள் இல்லாத 'டச் ரக்பி'யில் தொடங்குவதுதான் பல நாடுகளில் வழக்கம். பந்து வைத்திருப்பவரைத் தொட்டாலே போதும், கீழே தள்ள வேண்டாம்.

மூன்றாவது, எல்லா அப்பாவும் கேட்கும் கேள்வி: "இதுல வேலை கிடைக்குமா?" கபடிக்கு ரயில்வே, போலீஸ், வங்கி என்று ஒரு பாதை பழகியிருக்கிறது. 2014-ல் புரோ கபடி வருவதற்கு முன்பே அந்தப் பாதை இருந்ததால்தான் கிராமத்துப் பையன்கள் ஆட்டத்தை விடாமல் இருந்தார்கள். பீகாரில் பதக்கம் வென்றவர்களுக்கு அரசு வேலை என்ற திட்டம் நடக்கிறது. அங்கே பெண்கள் ரக்பி வேகமாக வளர்ந்ததற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம். தமிழ்நாட்டிலும் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு உண்டு. அது ரக்பி ஆடும் பிள்ளையின் வீட்டுக்கும் புரியும்படி போய்ச் சேர்ந்தால்தான் அப்பாக்கள் சம்மதிப்பார்கள்.

அடுத்த சீசனில் எதைக் கவனிக்கலாம்?

ஸ்கோர்போர்டைத் தாண்டி 3 விஷயம்.

ஒன்று, அந்த 5 இந்திய இடங்களில் தமிழ்நாட்டுப் பெயர் எத்தனை? ஒரே ஒரு பெயர் இருந்தாலும், அவர் எந்த ஊர், எப்படி வந்தார் என்பதைத் தேடிப் பார்க்கலாம். அந்த வழிதான் அடுத்தவருக்கும் வழி.

இரண்டு, சென்னை புல்ஸ் சென்னையில் ஆடுமா? முதல் சீசன் முழுக்க மும்பையில் நடந்ததால், இந்த அணியைச் சொந்த ஊர் ரசிகர்கள் நேரில் பார்த்ததே இல்லை. கண்ணால் பார்க்காத விளையாட்டை எந்தப் பிள்ளையும் ஆட ஆசைப்படாது.

மூன்று, மிச்சமிருக்கும் 11 மாதம். லீக் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு அணியோ சங்கமோ அரசோ ஒரு கோச்சை வெள்ளிமலை மாதிரி ஓர் ஊருக்கு அனுப்பி, முகாமுக்கு வரும் பிள்ளைக்குக் கூலி நஷ்டத்தை ஈடுகட்டினால், பலன் உடனே தெரியாது. ஒடிசாவிலும் வங்காளத்திலும் வருடக்கணக்கான வேலைக்குப் பிறகுதான் இந்திய ஜெர்சி கிடைத்தது. இன்று ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு மலைப் பிள்ளை ஆர்.பி.எல். வயதுக்கு வர ஆறேழு சீசன் ஆகும். அதுவரை அவன் பள்ளியிலும் மைதானத்திலும் இருப்பானா, கூலிக்கு வெளியூர் போயிருப்பானா என்பதை 336 ரூபாய்க் கணக்குதான் முடிவு செய்யும்.