தங்கம் வரும் பின்னே, தரகு வரும் முன்னே

அமெரிக்காவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம்மவர்கள் கூடும் இடத்திலெல்லாம் இப்போது ஒரே புலம்பல். "401கே பணத்தைத் தங்கமாக மாற்ற எழுதிக் கொடுத்து மூணு வாரம் ஆச்சு சார். இன்னும் நகரல. அதுக்குள்ள விலை ஏறிப்போச்சு." இங்கே பள்ளியில் 22 வருடம் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். என் கணக்கில் விடை வேறு மாதிரி வருகிறது. கேட்கக் கசக்கும், பரவாயில்லை.

தாமதம் உண்மைதான், வெட்கக்கேடும்தான். பல ஓய்வூதியத் திட்ட நிர்வாகிகள் இன்றைக்கும் காகிதக் காசோலை எழுதித் தபாலில் போடுகிறார்கள். அது ஐஆர்ஏ கணக்கின் காப்பாளர் நிறுவனத்துக்குப் போய், வரவு வைக்கப்பட்டு, அதற்குப் பிறகே தங்கத்தின் விலை உறுதியாகும். அதுவரை உங்கள் பணம் அந்தரத்தில் தொங்குகிறது. இதைக் கண்டித்து எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இந்தத் தவிப்பைத்தான் விற்பனையாளர்கள் காசாக்குகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் போனில் சொன்ன யோசனை: "செக்கை உங்க பேர்லயே வாங்கிடுங்க, சீக்கிரம் முடியும்." அப்படி வாங்கினால் 1,00,000 டாலரில் 20 சதவீதத்தை வரிக்குப் பிடித்துக்கொண்டு 80,000தான் கையில் தருவார்கள். 60 நாளுக்குள் முழு 1,00,000-ஐயும் புதிய கணக்கில் போட்டாக வேண்டும். குறைகிற 20,000-க்கு எங்கே போவீர்கள்? போடாவிட்டால் அது நீங்கள் எடுத்துக்கொண்ட பணம். அதற்கு வருமான வரி உண்டு. 59½ வயது ஆகாதவருக்குப் பொதுவாக 10 சதவீத அபராதமும் உண்டு. காசோலை காப்பாளர் பெயருக்கே போனால் இந்த வம்பே கிடையாது. அந்த மனிதர் நல்லவேளையாகக் கையெழுத்துப் போடும் முன் கேட்டார்.

சரி, தங்கம் வந்துவிட்டது. எங்கே? உங்கள் பீரோவுக்கா? அங்கீகரிக்கப்பட்ட பெட்டகத்துக்கு. ஐஆர்ஏ நாணயங்களை வீட்டில் வைத்திருந்தவரின் வழக்கில், அது பணத்தை எடுத்ததற்குச் சமம், வரி கட்டு என்று 2021-இல் அமெரிக்க வரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இன்னொரு வேடிக்கை. இந்தக் கணக்கில் வைக்கும் தங்கக் கட்டி 99.5 சதவீதத் தூய்மை இருக்க வேண்டும். அமெரிக்கன் ஈகிள் நாணயம் மட்டும் 22 காரட், அதாவது ஏறக்குறைய நம்ம 916; அதற்குச் சட்டமே விலக்குத் தருகிறது. அதே தரத்தில் உங்கள் அம்மா போட்டிருந்த அட்டிகைக்கு இடமில்லை.

நகைக்கடையில் சேதாரம் எத்தனை சதவீதம் என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிற நாம், இங்கே சந்தை விலைக்கு மேல் வியாபாரி எவ்வளவு ஏற்றுகிறார் என்று கேட்பதே இல்லை. அதற்கு மேல் வருடா வருடம் காப்பாளர் கட்டணம், பெட்டக வாடகை. மூன்று வார விலையேற்றத்துக்கு அழுகிறவர் இதற்கு ஏன் அழுவதில்லை? தங்கம்தான் வேண்டும் என்றால், சாதாரண ஐஆர்ஏ கணக்கிலேயே ஜிஎல்டி போன்ற தங்க ஈடிஎஃப்பை, பணம் வந்து சேர்ந்த அன்றே வாங்கலாம். 2004 முதல் இருக்கிறது, ஆண்டுக் கட்டணம் 0.40 சதவீதம். தரகருக்கு அதில் லாபமில்லை, ஆகவே சொல்லமாட்டார். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலர் தொட்ட தங்கம் 1999-இல் 252-க்கு வந்ததையும் சொல்லமாட்டார்.

"தங்கம் நம்ம பண்பாடு சார்" என்று கமெண்ட் வரும், தெரியும். நம் பண்பாட்டுத் தங்கம் கழுத்தில் கிடக்கும், மகளுக்குப் போகும், ஆத்திர அவசரத்துக்கு அடகுக் கடைக்கும் போகும். ஐஆர்ஏ தங்கத்தை அடகு வைத்தால், வைத்த அளவுக்குப் பணத்தை எடுத்ததாகவே கணக்கு. இதில் பண்பாடு எங்கே இருக்கிறது?

அடுத்த முறை அந்த ஆள் போன் செய்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இன்னைக்கு வாங்கி இன்னைக்கே உங்களிடம் திருப்பி வித்தா எவ்வளவு தருவீங்க? எழுத்தில் அனுப்புங்க." பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன்.