செய்ந்நன்றியும் ஸ்தோத்திரமும்

நெல்லைச் சீமைத் திருச்சபைகளில் வளர்ந்த எங்களுக்கு 'ஸ்தோத்திரம்' என்பது வாயில் பழகிய முதற்சொற்களுள் ஒன்று. எதிரே வரும் பெரியவருக்கு வணக்கமாகச் சொல்வதும் அதுவே. ஜெபத்தில் அடுத்த வாக்கியம் கிடைக்காதபோது இடைவெளியை நிரப்புவதும் அதுவே. ஒரு சொல் இத்தனை எளிதாகப் புழங்கும்போது அதன் பொருள் தேய்ந்துபோவது இயல்பு. அந்தத் தேய்மானத்தை நாங்கள் உணர்ந்தது ஒரு வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில்.

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த வாரம் அது. சாட்சி நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து, கர்த்தர் இத்தனை மதிப்பெண் தந்தார், விரும்பிய கல்லூரியில் இடம் தந்தார் என்று சொல்லி அமர்ந்தோம். கடைசி வரிசையில் இருந்த தம்பி ஒருவன் எழுந்தான். "அண்ணே, எனக்கு ரெண்டு பாடம் போயிட்டு. நான் எதுக்கு ஸ்தோத்திரம் சொல்ல?" என்றான். அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. "விசுவாசத்தோட சொல்லு தம்பி, எல்லாம் நன்மைக்குத்தான்" என்று பதில் வந்தது. அவன் அமர்ந்துவிட்டான். அடுத்த வாரம் அவன் வரவில்லை.

அவன் கேள்வியை நாங்கள் பல காலம் சுமந்து திரிந்தோம். அவனுக்குச் சொல்லப்பட்ட பதில் தவறு என்பதைவிட, அவனுக்கு முன் நாங்கள் சொன்ன சாட்சிகள் தவறு என்றே இப்போது நினைக்கிறோம். பக்கத்தில் இருப்பவனுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது என்பதே அந்தச் சாட்சிகளின் உட்பொருள். லூக்கா நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் ஆலயத்துக்குப் போன பரிசேயன் செய்ததும் நன்றி ஜெபம்தான். மற்ற மனிதரைப்போல், அங்கே தூரத்தில் நிற்கும் ஆயக்காரனைப்போல் தான் இல்லை என்பதற்காக அவன் தேவனுக்கு நன்றி சொன்னான். நீதிமானாக வீடு திரும்பியவன் அவன் அல்லன் என்பதே இயேசு சொன்ன தீர்ப்பு. ஒப்பிட்டுச் சொல்லும் நன்றி, பக்தியின் உடை அணிந்த பெருமிதம்.

இதன் கொடுமை பெருந்துயர்களில் வெளிப்படுகிறது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் திருப்பலியில் இருந்தவர்கள் பிழைத்தனர். கடற்கரையில் நின்ற யாத்ரீகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். இருசாராரும் அதே மாதாவைத் தேடி வந்தவர்கள். பிழைத்தவர் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது, சொல்லத்தான் வேண்டும். ஆனால் 'என்னை மட்டும் காத்தார்' என்று அவர் சொல்லும்போது, பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயின் காதில் அது என்னவாக விழும்? அந்தத் தாயின் முன்னிலையில் சொல்லக்கூடிய நன்றி எதுவோ அதுவே சரியான நன்றி.

நம் மொழி இங்கே நமக்குத் துணை நிற்கிறது. திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்குப் பெயர் 'செய்ந்நன்றியறிதல்'. அங்கே 'நன்றி' என்பது நாம் திருப்பிச் சொல்லும் சொல் அன்று. பிறர் நமக்குச் செய்த நன்மை. நம் பங்கு 'அறிதல்' மட்டுமே. காலப்போக்கில் 'அறிதல்' உதிர்ந்து 'நன்றி' மட்டும் வாயில் எஞ்சியது. அறியாமலே சொல்லிவிட்டுப் போக வசதியாயிற்று. தேவனுக்கு நன்றி செலுத்துவதும் முதலில் ஓர் அறிதலாகவே இருக்கவேண்டும். இன்று என் தட்டில் விழுந்த சோறு எங்கிருந்து வந்தது, எத்தனை கைகள் அதைத் தொட்டன என்று அறிதல்.

ஆனால் எங்கள் சாட்சிகளில் அந்தக் கைகள் காணாமற்போயின. கர்த்தர் மதிப்பெண் தந்தார் என்றோம். மாலையில் பணம் வாங்காமல் கணக்குச் சொல்லித்தந்த ஆசிரியையின் பெயர் வரவில்லை. கர்த்தர் கட்டணத்துக்கு வழி திறந்தார் என்றோம். சங்கிலியை அடகு வைத்த அம்மா மறைந்துபோனாள். தேவனை உயர்த்துவதாக எண்ணி, அவர் அனுப்பிய மனிதரை அழித்துவிட்டோம். உபாகமம் இருபத்தாறாம் அதிகாரத்தில் முதற்கனியைக் கூடையில் கொண்டுவரும் உழவன், முதலில் தன் முன்னோர் நாடற்று அலைந்ததையும் எகிப்தில் அடிமைப்பட்டதையும் சொல்லவேண்டும். பிறகு லேவியனோடும் தன் நடுவே இருக்கும் அந்நியனோடும் சேர்ந்து மகிழவேண்டும். நினைவும் பகிர்வும் இல்லாத காணிக்கை அங்கே முழுமை பெறுவதில்லை.

எங்கள் பாட்டிமார் இதைப் பிரசங்கம் கேட்காமலே அறிந்திருந்தார்கள். உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி அள்ளித் தனிக்கலயத்தில் இடுவார்கள். வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். மிசோரம் திருச்சபைகளிலும் பெண்கள் இவ்வாறே அரிசி எடுத்துவைக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிற சமயத்தாரிடமும் பிடியரிசி எடுத்துவைக்கும் வழக்கம் உண்டு. அரிசி குறைவான நாளிலும் அந்தக் கை கலயத்துக்குப் போயிற்று என்பதுதான் விசேஷம். நிறைந்ததால் வந்த நன்றி அன்று அது. குறைவிலும் இன்னொரு வயிறு இருக்கிறது என்ற அறிவு. அந்தக் கையை விட்டுவிட்டு, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை யார் அதிக விலைக்கு எடுத்தார் என்பதை மட்டும் நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம்.

'அப்படியானால் துன்பத்துக்கும் நன்றி சொல்லவேண்டுமா?' என்று கேட்பவர் உண்டு. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல், எல்லாச் சூழலிலும் நன்றி சொல்லச் சொல்கிறார். எபேசியருக்கு எழுதும்போது எல்லாவற்றுக்காகவும் என்கிறார். இரண்டாவதைக் காட்டி வாயை அடைப்பவர்களுக்கு, அதே வேதத்தில் உள்ள எண்பத்தெட்டாம் சங்கீதத்தை நினைவூட்ட விரும்புகிறோம். ஆறுதல் எதுவும் வராமல் இருளிலேயே முடிகிற பாட்டு அது. அதையும் ஜெபமாக ஏற்றுத் தொகுத்து வைத்த மரபு, அழுகையை நன்றியின்மையாகக் கருதவில்லை. புலம்பத் தெரியாதவனின் நன்றியில் நமக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

'நற்கருணை' என்ற சொல்லையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். கிரேக்கத்தில் அதன் பெயர் யூக்கரிஸ்தியா. நன்றி செலுத்துதல் என்பது பொருள். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்து இயேசு நன்றி செலுத்தினார். தமிழில் 'கருணை' நின்றது, 'நன்றி' மறைந்தது. ஆகவே நாங்கள் அதைப் பெறுவதற்குரிய ஒன்றாக மட்டும் கண்டோம். அந்த மேசையில் அவர் அப்பத்துக்கு நன்றி சொன்னார். துரோகத்துக்குச் சொன்னதாக எங்கும் எழுதப்படவில்லை. துரோகத்தின் நடுவிலும் அப்பம் அப்பமாகவே இருந்தது. அதைப் பிட்டுப் பிறருக்குக் கொடுக்கவும் முடிந்தது. 'எல்லாச் சூழலிலும்' என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நமக்குக் கிடைக்காது.

அன்றாட வாழ்வில் என்ன செய்வது? நாங்கள் சில காலமாகச் செய்துவருவதைச் சொல்கிறோம். இரவில் படுக்குமுன் அன்றைய நாளை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறோம். பதினாறாம் நூற்றாண்டில் இஞ்ஞாசியார் வகுத்த ஆன்ம சோதனையும் பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுவதிலேயே தொடங்குகிறது. பாவக்கணக்கு அதன் பின்னரே வருகிறது. நன்மை ஒவ்வொன்றுக்கும் அது வந்த கையையும் சேர்த்து நினைக்கிறோம்: விடுதியில் சோறு போட்டவர், தெருவைப் பெருக்கியவர், பேருந்தில் இடம் தந்தவர். அவர்களுள் ஒருவரிடமாவது மறுநாள் வாய்விட்டுச் சொல்லிவிடவேண்டும் என்பது எங்கள் விதி. கடினமான விதிதான். தேவனிடம் சொல்வது எளிது. பெருக்குபவரின் முகம் பார்த்துச் சொல்ல நம் சாதிப் பழக்கம் தடுக்கிறது. அந்தத் தடையை உணர்ந்த நாளில்தான் நன்றி என்பது எத்தனை பெரிய காரியம் என்று எங்களுக்கு விளங்கிற்று.

குணமான பத்துக் குஷ்டரோகிகளுள் திரும்பி வந்தவன் ஒருவனே, அவனும் சமாரியன். அவன் மட்டும் குணமானதால் திரும்பவில்லை. பத்துப்பேரும் குணமானார்கள். பிறர் நலமும் தன் நலமும் ஒன்றாகவே கிடைத்த இடத்தில் அவன் நன்றி சொன்னான்.

அந்தத் தம்பியை நாங்கள் பிறகு அவன் வீட்டில் போய்ப் பார்த்தோம். தாமதமாகத்தான். துணைத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். சாட்சி சொல்லும்படி நாங்கள் கேட்கவில்லை. அன்று அவன் கேட்ட கேள்விக்கு நன்றி சொன்னோம். அவன் அம்மா எங்களுக்குக் காப்பி கொண்டுவந்தார்.