ஒரே மிக்ஸ், மூன்று காதுகள்

மார்கழியில் மயிலாப்பூரிலோ தி.நகரிலோ கச்சேரி கேட்கப் போகிறவர்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. வர்ணத்தின் பல்லவி முடிவதற்குள் மிருதங்கக்காரர் கையை உயர்த்தி "ஃபீட்பேக் ஏத்துங்க" என்று ஜாடை காட்டுவார். வயலின்காரர் வில்லால் தன் மைக்கைச் சுட்டுவார். மைக்செட்காரர் எதையோ ஏற்றுவார், எதையோ இறக்குவார். முன்வரிசை மாமா காதைப் பொத்திக்கொள்வார்!

"அந்த ஆளுக்கு ஞானம் போதாது" என்று சபா கேன்டீனில் அடையும் அவியலும் ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். ஆனால் பல நேரங்களில் கோளாறு ஆளிடம் இல்லை. எந்த ஒலி எந்த வழியாக எங்கே போகிறது என்பதில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். பாட்டுக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் இரண்டு, கடத்துக்கு ஒன்று, தம்புராவுக்கு ஒன்று. ஆக மொத்தம் ஆறு. இந்த ஆறும் மிக்ஸருக்குள் வருகின்றன. வெளியே போகும் இடங்கள் மூன்று: அரங்கத்து ஸ்பீக்கர், கலைஞர்கள் தங்களைத் தாங்களே கேட்பதற்கான மேடை ஸ்பீக்கர் (சபா பாஷையில் இதற்குத்தான் 'ஃபீட்பேக்' என்று பெயர்), இணைய நேரலை. பி.காம் பாஷையில் சொன்னால் ஆறு வரவு, மூன்று கணக்கு. எந்த வரவிலிருந்து எந்தக் கணக்குக்கு எவ்வளவு என்று 18 முடிவுகள் எடுக்க வேண்டும். ஆறு மட்டும் எடுத்துவிட்டு, அதையே மற்ற இரண்டு கணக்குகளுக்கும் காப்பி அடித்தால் என்ன ஆகும்?

சின்ன அரங்கில் மிருதங்கம் மைக் இல்லாமலே காதுக்கு எட்டும். அதனால் அரங்கத்து ஸ்பீக்கரில் அதைக் குறைத்து வைப்பதுதான் சரி. அதே மிக்ஸ் நேரலைக்குப் போனால், வீட்டில் கேட்பவருக்குத் தனி ஆவர்த்தனம் பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோல் கேட்கும்! அரங்கில் யாரும் தப்பு செய்யவில்லை. அங்கே இருப்பவர்களுக்குச் சரியாக இருந்ததுதான் வீட்டுக்குத் தப்பாகப் போய்விட்டது.

மேடை ஸ்பீக்கரின் கதையும் இதுதான். மிக்ஸரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு ஃபேடர் உண்டு. மேடைக்குப் போகும் ஒலியை ஃபேடருக்குப் பிறகு எடுத்தால், அரங்குக்காக ஃபேடரை இறக்கும்போதெல்லாம் மேடையிலும் ஒலி இறங்கும். கலைஞர் மறுபடி கையை உயர்த்துவார். ஃபேடருக்கு முன்பே எடுத்தால் இரண்டும் தனித்தனி. அப்போதும், நடுக்கச்சேரியில் ஆரம்பக் குமிழான கெயினைத் திருகினால் எல்லா இடமும் சேர்ந்தே மாறிவிடும்.

இதில் வீடியோ வேறு. கேமரா, ஸ்விட்சர், எங்கோடர் என்று படம் கடந்து வரும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் தாமதம். வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லிசெகண்ட். மூன்று ஃபிரேம் பிந்தினால் 120. மிக்ஸரிலிருந்து நேராக வரும் ஒலி அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். அடி விழுவதற்கு முன்பே சத்தம்! நேரலைக்குப் போகும் ஒலியையும் அதே அளவு தாமதப்படுத்தினால் தீர்ந்தது.

வானொலிக்கு இந்தத் தலைவலி கிடையாது. 1938ல் தொடங்கிய சென்னை வானொலி நிலையத்தின் ஸ்டுடியோவில் பாடினால், கேட்பவர் வீட்டில்தான் இருந்தார். ஒரே காது, ஒரே மிக்ஸ். கொரோனாவால் 2020 டிசம்பர் சீசன் இணையத்துக்குப் போனபோது சபாக்களுக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். பிறகு அரங்குக்குக் கூட்டம் திரும்பி வந்தது, ஆனால் வீட்டு ரசிகரும் போய்விடவில்லை.

"இதற்கெல்லாம் செலவாகுமே" என்பார்கள். பெரிய செலவு இல்லை. நேரலைக்குத் தனி மிக்ஸ் அனுப்பும் வழி சாதாரண மிக்ஸர்களிலேயே இருக்கிறது. வேண்டியது, அரங்கத்துச் சத்தம் எட்டாத அறையில் ஹெட்போனோடு இன்னொரு ஆள். கச்சேரிக்கும் கச்சேரிக்கும் இடைவெளி போதாது என்பது நியாயமான பதில்தான். அதற்குத்தான் டிஜிட்டல் மிக்ஸரில் அமைப்பைச் சேமித்து வைத்து ஒரே பொத்தானில் திரும்ப எடுக்கும் வசதி இருக்கிறதே!

படியேறி அரங்குக்கு வர முடியாத பாட்டிக்கு அந்த நேரலைதான் கச்சேரி. டொராண்டோவில் பாட்டு கற்கும் பெண்ணுக்கு அதுதான் பாடம். முதல் சீசனில் வாசிக்கும் இளம் மிருதங்கக்காரருக்கு, அடுத்த வாய்ப்பு கேட்கும்போது காட்ட இருக்கும் ஒரே சான்றிதழும் அதுதான். அரங்கில் தட்டிய கை மறந்துபோகும், பதிவு நிற்கும்.

நோட்டீஸில் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று பெயர் போடும் சபாக்கள், ஐந்தாவதாக 'ஒலி' என்று போட்டு ஒரு பெயரையும் எழுதட்டும். பெயர் வந்தால் பொறுப்பும் வரும். முன்வரிசை மாமாவும் யாரைத் திட்டுகிறோம் என்று தெரிந்து திட்டலாம். நன்றாக இருந்தால், பாராட்டவும் செய்யலாம்!