யார் காசு என்று கேட்டால் என்ன குற்றம்?

“படிச்ச மனுசன் காசுக்காக மாத்திச் சொல்லுவாரா?” சென்ற மாதம் எங்கள் மலையில் உள்ள பைல் நாட்டில் நடந்த உழவர் கூட்டத்தில் இப்படிச் சொல்லித்தான் என்னை உட்கார வைத்தார்கள். பந்தல், சாப்பாடு, பேனர் எல்லாமே ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியின் செலவு. பேச வந்தவர் வேளாண் பேராசிரியர். மரவள்ளி என்னும் குச்சிக்கிழங்குக்கு அந்தக் கம்பெனியின் மருந்தையே பெயர் சொல்லிச் சிபாரிசு செய்தார். “சார், இந்தக் கம்பெனி உங்களுக்கோ உங்க ஆராய்ச்சிக்கோ ஏதாச்சும் பணம் தருதுங்களா?” என்று கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் முன்வரிசைக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். பெரிய மனிதரை அவமானப்படுத்திவிட்டேனாம்.

எதில் அவமானம்? ஊராட்சித் தலைவரிடம் கணக்குக் கேட்கிறோம். ரேஷன் கடையில் எடை சரியா என்று பார்க்கிறோம். பேராசிரியர் என்றால் மட்டும் வாய் கட்டிப்போகிறது. ஆராய்ச்சி செய்கிறவருக்குப் பணம் எங்கிருந்து வந்தாலும் முடிவு மாறாது, அவர் அறிவே அவரைக் காக்கும் என்று மலையிலும் சமவெளியிலும் படித்தவர்களே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை எவ்வளவு பொய் என்பதற்கு ஒரு கத்தரிக்காய் போதும்.

பூச்சியை எதிர்க்கும் மரபணு ஏற்றிய பி.டி. கத்தரியைச் சொல்கிறேன். மஹிகோ என்ற விதை நிறுவனம் உருவாக்கியது. அந்த நிறுவனத்தில் அமெரிக்கக் கம்பெனியான மான்சான்டோவுக்கு 26 விழுக்காடு பங்கு இருந்தது. நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2005இல் மஹிகோவுடன் ஒப்பந்தம் போட்டு, கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 என்ற நம் ஊர்க் கத்தரி ரகங்களில் அந்த மரபணுவை ஏற்றியது. பிறகு அந்தக் கத்தரியைச் சாப்பிடலாமா என்று மதிப்பிட ஒரு நிபுணர் குழு அமைந்தது. வாரணாசியில் உள்ள காய்கறி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் அதில் ஓர் உறுப்பினர். அந்தக் கத்தரியின் வயல் சோதனைகளை நடத்திய நிறுவனங்களில் அவருடையதும் ஒன்று. 2009 அக்டோபர் 14 அன்று அனுமதி கிடைத்துவிட்டது. சந்தையில் மாடு விற்க வந்தவனையே பல்லைப் பார்த்து வயது சொல்லச் சொல்வோமா?

கதை இத்தோடு முடியவில்லை. ஊர் ஊராக மக்கள் எதிர்த்துப் பேச, 2010 பிப்ரவரி 9 அன்று அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். நாட்டின் ஆறு பெரிய அறிவியல் கழகங்களிடம் கருத்தும் கேட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் அறிக்கை வந்தது. இன்னொரு பி.டி. கத்தரியை உருவாக்கிவந்த விஞ்ஞானி எழுதிய கட்டுரையிலிருந்து வரிகள் அப்படியே அதில் இறங்கியிருந்தன. அமைச்சரே கண்டித்தார். அறிக்கையைத் திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று. ஆறு கழகங்கள்! இந்தியாவில் அவற்றைவிடப் படித்தவர்கள் யார்? படிப்பு அவர்களைக் காத்ததா?

அவர்கள் அனைவரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பணம் வேலை செய்வதற்கு யாரும் பொய் சொல்லத் தேவையே இல்லை. எந்தக் கேள்வியைக் கேட்பது, எந்தச் சோதனையை விடுவது, எத்தனை நாளில் முடிப்பது என்பதிலேயே அது தன் வேலையை முடித்துவிடும். அமெரிக்காவில் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு ஹார்வர்டு ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்தது. இதயநோய்க்குக் காரணம் கொழுப்புதான், சர்க்கரையல்ல என்னும்படி 1967இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. பணம் தந்தவர் பெயர் அதில் இல்லை. அது வெளியே தெரிந்தது 2016இல். ஐம்பது ஆண்டு உலகம் என்ன சாப்பிட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

நம் குச்சிக்கிழங்குக்கு வருகிறேன். 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மாவுப்பூச்சி, பிறகு நாமக்கல், சேலம் காடுகளில் புகுந்து கிழங்கை வாட்டியது. கடைக்காரர் கொடுத்த பாட்டிலையெல்லாம் நம் ஆட்கள் வாங்கி அடித்தார்கள். அதே பூச்சியை ஆப்பிரிக்காவில் 1980களிலேயே ஒரு குட்டிக் குளவி அடக்கியிருந்தது. மத்திய அரசின் பெங்களூரு ஆய்வு நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியை வரவழைத்து வளர்த்து, 2022இல் நம் பக்கத்துக் காடுகளில் விட்டது. ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையமும் கூட நின்றது. பொதுப் பணத்தில் நடந்த வேலை. குளவியைப் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது. மருந்துக் கம்பெனி பந்தல் போட்ட மேடையில் நின்றுகொண்டு குளவியைப் பற்றி எந்தப் பேராசிரியர் பேசுவார்? அன்றைய கூட்டத்தில் குளவி என்ற சொல்லே எழவில்லை.

நம் மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகளுக்குத் தலைமையான சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே நடந்ததைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரையும் வசதிகளையும் வைத்து ‘பூட்டர் பவுண்டேஷன்’ என்ற நிறுவனத்தைச் சிலரோடு சேர்ந்து தொடங்கினார் என்ற புகாரில், 2023 டிசம்பர் 26 அன்று அன்றைய துணைவேந்தரே கைதானார், பிறகு ஜாமீனில் வந்தார். புகாரை அவர் மறுத்தார். குற்றமா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை, அதற்குள் நான் போகவில்லை. பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்குகிறவருக்கு வெளியே எந்த நிறுவனத்தில் பங்கு, எந்தக் கம்பெனியில் பதவி என்பது ஆண்டுதோறும் எழுதி எல்லோர் பார்வைக்கும் வைக்கப்பட்டிருந்தால், இது போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்குமா?

திருட்டெழுத்தைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதி கொண்டுவந்தது. 10 விழுக்காடு வரை ஒற்றுமை இருந்தால் விட்டுவிடலாம், 40 வரை ஒரு தண்டனை, 60 வரை ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று என்று துல்லியமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மாணவனின் ஆய்வேட்டுக்கு அத்தனை கிடுக்கிப்பிடி. யார் பணத்தில் ஆய்வு நடந்தது என்ற கேள்விக்கு அந்த விதிகளில் ஒரு வரிகூட இல்லை. கத்தரிக்காய் அறிக்கையில் ஆறு கழகங்கள் வரி எடுத்தது பெரிய குற்றமா, யாருடைய வரியை எடுத்தார்கள் என்பது பெரிய குற்றமா? எனக்கு இரண்டாவதுதான் தூக்கம் கெடுக்கிறது.

டாக்டர்கள் விஷயமும் இதுதான். மருந்துக் கம்பெனியிடம் பரிசு வாங்கக்கூடாது என்று 2009லேயே விதி வந்தது. 2023 ஆகஸ்டு தொடக்கத்தில் இன்னும் கடுமையான விதிகளை அறிவித்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி கிடப்பில் போட்டார்கள். மூன்று வாரம்தான் தாங்கின.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. ஆய்வு மாணவர்கள் ஆண்டுதோறும் மலையேறி வந்து, எங்கள் பாட்டிகளிடம் எந்த வேர் எதற்கு ஆகும், எந்தச் சாமை எப்போது விதைப்பது என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். பட்டம் அவர்களுக்கு, கட்டுரை வழிகாட்டிக்கு. அதில் ஒரு பிரதிகூட ஊருக்குத் திரும்பி வந்ததில்லை. அந்தத் தகவலை எந்தக் கம்பெனி கேட்டு வாங்கியது, என்ன கொடுத்தது என்பதும் எங்களுக்குத் தெரியாது. பி.டி. கத்தரிக்கு நாட்டு ரகங்களை அனுமதி வாங்காமல் எடுத்தார்கள் என்று தேசியப் பல்லுயிர் ஆணையம் 2011இல் நடவடிக்கை எடுக்க முடிவு செய்தது. கத்தரிக்கே அந்தக் கதி என்றால், ஆவணத்திலேயே ஏறாத எங்கள் மலைச் சாமைக்கும் வேருக்கும் யார் காவல்?

அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம் வைக்கப் போகிறேன். பைல் நாட்டில் யார் விவசாயக் கூட்டம் நடத்தினாலும், பேச வருகிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அந்தக் கூட்டத்துக்கும் தன் ஆராய்ச்சிக்கும் பணம் கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். மலைக்கு வந்து தகவல் எடுக்கிறவர் ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். கையெழுத்துப் போட இதுவரை எட்டுப் பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அன்று என்னை உட்கார வைத்தவர்களில் ஒருவரும் அதில் உண்டு.