கேமரா போகாத இடம்



இரண்டாம் உலகப்போர்ப் படங்களைச் செல்போனில் பார்ப்பது நம்ம பள்ளியில் இப்போ ரொம்பப் பேருக்குப் பழக்கமாகி விட்டது. ராத்திரியில் சத்தமில்லாமல் போய் எதிரிக் கப்பலின் அடியில் குண்டு வைக்கிற குட்டிப் படகுகள்தான் அதில் எல்லோருக்கும் பிடித்தது. "சூப்பர்டா!" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். பார்க்கக் கூடாது என்று நான் சொல்ல வரலை. நானும் பார்க்கிறேன். ஆனால் எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் யோசிக்கணும் என்பதே என் கருத்து.

ஒரு உண்மைச் சம்பவத்தைச் சொல்கிறேன். 1943-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 2-ம் தேதி மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பழைய மீன்பிடிப் படகு கிளம்பியது. அதன் பெயர் 'கிரெய்ட்'. நம்ம ஊர் கட்டுவிரியன் பாம்புக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். அதில் பிரிட்டிஷ்காரரும் ஆஸ்திரேலியருமாக 14 பேர். தலைவர் ஐவன் லயன். தோலில் பழுப்புச் சாயம் பூசி, கைலி கட்டி, ஜப்பான் கொடியைப் பறக்கவிட்டு எதிரியின் கடலுக்குள்ளேயே போனார்கள்.

சிங்கப்பூர் பக்கம் போனதும் ஆறு பேர் மட்டும் மூன்று மடக்குப் படகுகளில் இறங்கினார்கள். மரச்சட்டம், அதன் மேல் ரப்பர் பூசிய கித்தான் துணி, அவ்வளவுதான் அந்தப் படகு. துடுப்பு போட்டே துறைமுகத்துக்குள் போய், கப்பல்களின் பக்கவாட்டில் தண்ணீருக்கு அடியில் காந்த வெடிகளை ஒட்டினார்கள். பாறையில் நத்தை ஒட்டுகிற மாதிரி அது இரும்பில் ஒட்டிக்கொள்ளும். செப்டம்பர் 27 விடியற்காலையில் வெடித்தது. ஆறேழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமாயின. போன 14 பேரும் அக்டோபர் 19-ம் தேதி உயிரோடு ஆஸ்திரேலியா திரும்பினார்கள். பெரிய வீரம்தான், நான் மறுக்கலை.

வீடியோ இத்தோடு முடிந்துவிடும். கதை முடியலை.

இவ்வளவு தூரத்திலிருந்து ஒருத்தர் வந்திருக்க முடியும் என்று ஜப்பானியருக்குத் தோணலை. உள்ளூர்க்காரர்கள்தான் செய்திருக்கணும், சாங்கி சிறையில் இருந்தவர்கள்தான் தூண்டியிருக்கணும் என்று முடிவு கட்டினார்கள். அந்த 14 பேர் கரை சேர்வதற்கு முன்பே, அக்டோபர் 10-ம் தேதி, கெம்பெய்தாய் என்ற ராணுவப் போலீஸ் வேட்டையை ஆரம்பித்தது. 57 பேரைப் பிடித்துப்போய்ச் சித்திரவதை செய்தார்கள். அதில் 15 பேர் செத்துப் போனார்கள். குண்டு வைத்தது யார் என்றே அவர்களுக்குத் தெரியாது! தெரியாததை எப்படிங்க ஒப்புக்கொள்வது?

அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருவர் எலிசபெத் சாய். அவர் ஒரு ஆசிரியை. சிறையில் இருந்தவர்களுக்குப் பணமும் சாமான்களும் ரகசியமாக அனுப்பி உதவியவர். ஏறக்குறைய 200 நாள் அடைத்து வைத்து, மின்சாரம் பாய்ச்சினார்கள். உயிர் தப்பி 2006 வரை வாழ்ந்தார்.

இப்போ படத்துக்கு வருகிறேன். 1942 பிப்ரவரி 15-ல் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் வெள்ளைக்கொடியோடு சரணடையப் போனதை ஜப்பானியர் படம் எடுத்தார்கள். 1945 செப்டம்பர் 12-ல் ஜப்பானியர் சரணடைந்ததை பிரிட்டிஷ்காரர்கள் படம் எடுத்தார்கள். ஜெயித்தவர் கையில்தான் கேமரா! நடுவில் அந்தச் சிறை அறைக்குள் நடந்ததை யார் எடுத்தார்கள்? இருட்டில் துடுப்பு போட்டவர்கள் பின்னாலும் கேமரா போகலை. அதனால்தான் இந்த மாதிரிப் படங்களில் பயிற்சியில் எடுத்ததும், பிறகு நடித்து எடுத்ததும் கலந்து வருகிறது.

"அப்போ அந்த வீரர்கள் செய்தது தப்பா?" என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். இல்லை. சித்திரவதை செய்தது கெம்பெய்தாய்தான். 1946-ல் அவர்களை விசாரித்து எட்டுப் பேருக்கு மரண தண்டனையும் கொடுத்தார்கள். ஆனால் ஒரு வெடிக்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்று முழுக் கணக்கும் பார்க்கணும். லயனும் தப்பலை. 1944-ல் 22 பேரோடு மறுபடி போனார், ஒருவர்கூடத் திரும்பலை. வீரத்தை மட்டும் காட்டுகிற படம் பாதிக் கணக்குதான். பாதிக் கணக்குக்குக் கணக்கு டீச்சர் மார்க் போடுவாங்களா?

அதனால் இனிமேல் போர்ப் படம் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்:

1. இதை எடுத்தது யார்?
2. இது நிஜமா நடந்தப்போ எடுத்ததா, பயிற்சியா, நடிப்பா?
3. இதில் வராதவர்கள் யார்?

நம் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சமூக அறிவியல் வகுப்பில் போர்ப் படம் காட்டினால், அதில் பாதிக்கப்பட்ட ஒருவரின் வாக்குமூலத்தையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள். எலிசபெத் சாயின் குரல்கூட சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் பதிவாகி இருக்கிறது. கேமரா போகாத இடத்துக்கு அந்தக் குரல் நம்மைக் கூட்டிப்போகும்.

கப்பல் வெடிப்பதைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்கத்தான் பொறுமை வேணும். அந்தப் பொறுமை நமக்கு வரணும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி