கோடுகள் சொல்லும் சேதி

தோட்டமொன்றில் தாய்மாரைச் சந்திக்கப் போயிருந்தேன். “மக பத்தாம் ஆண்டுக்குப் புவியியல் எடுக்கப் போறாளாம். அதைப் படிச்சு என்ன செய்யப் போறா, மிஸ்?” என்று கேட்டார் ஒரு தாய்.

மகளின் கொப்பியைப் புரட்டினேன். சமவுயரக் கோடுகள் வரைந்திருந்தாள். “கோடுகள் நெருங்கியிருந்தா செங்குத்துச் சரிவு, மிஸ். எங்க லயத்துக்குப் பின்னால நெருக்கமாத்தான் வரும்” என்றாள். தாய் பேசவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மழையிலும் மலைகள் சரிந்தன. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள், சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்றுநீர் ஆகியன மண்சரிவின் முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டால் பொருட்களைத் தேடாமல் உடனே வெளியேற வேண்டும்.

அறிவு மட்டும் போதாது. பாதுகாப்பான காணியும் வீடும் வேண்டும். ஆனால் அவற்றை உரிமையோடு கேட்கவும் அறிவே துணை.

சகோதரிகளே, மழைக்காலத்துக்கு முன் உங்கள் பிள்ளையிடம் ஊரின் படமொன்றை வரையச் சொல்லுங்கள். ஓடை எது, சரிவு எது, இரவில் எந்தப் பாதையால் போவது என்று கேளுங்கள். அன்று பிள்ளை ஆசிரியை, நாம் மாணவிகள்.